பட்டுப்புடவையில் நெய்க்கறை: எலக்ட்ரான் கவர்தன்மையும் மூலக்கூறின் முனைவும்

போன மாதம் அக்கா மகள் காலேஜில் 'எத்னிக் டே' என்று சொல்லி, அவள் அம்மாவின் மைசூர் சில்க்கைக் கட்டிக்கொண்டு போனாள். முதல் பி.யூ.சி. படிக்கிறாள், பெங்களூரில் பதினோராம் வகுப்புக்கு அதுதான் பெயர். சாயங்காலம் திரும்பி வந்தபோது புடவையின் மடிப்பகுதியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை. பிஸிபேளேபாத். அதுவும் மேலே நெய் மிதக்கிற பிஸிபேளேபாத். அக்கா ஊருக்குப் போயிருந்தாள், வர இன்னும் நான்கு நாள் இருந்தது. அதனால் புடவை என்னிடம் வந்து சேர்ந்தது.

தண்ணீர் தொட்டுத் துடைத்துப் பார்த்திருக்கிறாள். நெய் அசையவில்லை, கறை இன்னும் கொஞ்சம் பரவியதுதான் மிச்சம். இருவரும் அல்சூரில் ஒரு டிரை வாஷ் கடைக்குப் போனோம். கடைக்காரர் புடவையை டியூப்லைட் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எண்ணெய் போயிடும்மா. மஞ்சளுக்கு நான் கேரண்டி கிடையாது" என்றார்.

ஏரிக்கரை ஓரமாகத் திரும்பி நடந்து வரும்போது ஆரம்பித்தாள். "டிரைன்னா என்ன சித்தி, பவுடர் போட்டுத் துவைப்பாங்களா?"

இல்லை, திரவம்தான். தண்ணீர் இல்லை என்பதால் டிரை. சின்னக் கடைகளில் பெட்ரோல் வகையைச் சேர்ந்த எண்ணெயைப் பயன்படுத்துவார்கள். 'பெட்ரோல் வாஷ்' என்ற பெயர் அப்படி வந்ததுதான். பெரிய மெஷின் வைத்திருப்பவர்கள் டெட்ராகுளோரோஎத்திலீன் ஊற்றுவார்கள். தொழிலில் சுருக்கமாக 'பெர்க்'. இரண்டு கார்பன், அவற்றின் மேல் நான்கு குளோரின், அவ்வளவுதான் அந்த மூலக்கூறு.

அந்த வாரம் அவளுக்கு கெமிஸ்ட்ரி டெஸ்ட். எண்களெல்லாம் நாக்கு நுனியில் இருந்தன. "கார்பன் 2.55, குளோரின் 3.16. வித்தியாசம் 0.61. 0.5-க்கு மேல போனா போலார்னு மிஸ் சொன்னாங்க. தண்ணியும் போலார். தண்ணியில போகாத நெய் இதுல மட்டும் எப்படிப் போகும்?"

திருவள்ளுவர் சிலைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. காகிதம் வேண்டும், நூல் வேண்டும், கொஞ்சம் கொண்டைக்கடலையும் வேண்டும். வீட்டுக்கு வந்து அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவளுடைய கணக்கில் தவறில்லை. ஆனால் இரண்டு படிகள் உள்ள இடத்தில் ஒரு படி ஏறிவிட்டு மாடிக்கு வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டாள். பாதிப் பேர் அங்கேயேதான் நிற்கிறார்கள்.

முதலில் அவள் சொன்ன அந்த எண்களின் பெயர். நான் ஓசூரில் தமிழ் வழியில் படித்தவள். எங்களுக்கு இது 'எலக்ட்ரான் கவர்தன்மை'. பழைய புத்தகங்களில் 'மின்னெதிர்த்தன்மை' என்றும் இருக்கும். ஒரு பிணைப்பில் பொதுவாக இருக்கும் எலக்ட்ரான்களை ஒரு அணு தன் பக்கம் எவ்வளவு இழுக்கிறது என்பதற்கான அளவு அது.

எனக்கு இது புரிந்தது போர்வையால். மார்கழியில் ஓசூர் குளிரும் பெங்களூர் குளிரும் ஒன்றுதான். அக்காவும் நானும் ஒரே போர்வைக்குள் படுத்து வளர்ந்தவர்கள். போர்வை இருவருக்கும் பொது. யாரும் பிடுங்கிக்கொண்டு ஓடியதில்லை. ஆனால் விடியற்காலையில் பார்த்தால் அக்கா தலைமுதல் கால்வரை மூடிக்கொண்டிருப்பாள். என் முதுகு வெளியே கிடக்கும். சகப்பிணைப்பு என்பது இந்தப் போர்வைதான். இரண்டு அணுக்கள் ஓர் இணை எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்கின்றன. ஆனால் பகிர்வு என்றாலே சரிபாதி என்று அர்த்தமில்லை. ஹைட்ரஜனும் குளோரினும் சேர்ந்தால் குளோரின்தான் அக்கா. எலக்ட்ரான் மேகம் அந்தப் பக்கம் கொஞ்சம் சரிந்துவிடும். குளோரின் முனையில் இலேசான எதிர் மின்சுமை, முதுகு வெளியே கிடக்கும் ஹைட்ரஜன் முனையில் அதே அளவு நேர் மின்சுமை. இப்படி இரண்டு முனை உண்டாவதால்தான், அவள் 'போலார்' என்றதைத் தமிழில் முனைவுத்தன்மை என்கிறோம். ஹைட்ரஜனோடு ஹைட்ரஜனே சேர்ந்தால் இரட்டைக் குழந்தைகள் மாதிரி; போர்வை நடுவில் நிற்கும்.

இந்த 2.55, 3.16 எல்லாம் எங்கிருந்து வந்தன? யாரும் அணுவைத் தராசில் வைத்து நிறுத்த எண்கள் அல்ல. 1932-இல் லைனஸ் பாலிங் என்ற அமெரிக்க வேதியியலாளர் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார். எனக்கு மிகவும் பிடித்த கணக்கு என்பதால் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போகலாம்.

ஹைட்ரஜன்–ஹைட்ரஜன் பிணைப்பை உடைக்க ஒரு மோலுக்கு (டஜன் மாதிரி, வேதியியலில் எண்ணிக்கைக்கான ஓர் அலகு) 436 கிலோஜூல் வேண்டும். குளோரின்–குளோரின் பிணைப்புக்கு 242. ஹைட்ரஜனும் குளோரினும் சேர்ந்த பிணைப்பில் பகிர்வு சரிபாதியாக இருந்தால், அதன் வலிமை இந்த இரண்டுக்கும் சராசரியாக, 339 அளவில் இருக்கவேண்டும். அளந்து பார்த்தால் 431 இருக்கிறது. 92 கிலோஜூல் உபரி. அது எங்கிருந்து வந்தது? போர்வை ஒரு பக்கம் சரிந்ததில் ஒரு முனை நேர், ஒரு முனை எதிர் ஆகிவிட்டது அல்லவா? அந்த இரண்டும் ஒன்றையொன்று ஈர்க்கின்றன. அதனால் பிணைப்பு எதிர்பார்த்ததைவிட இறுகிவிட்டது. உபரி எவ்வளவு அதிகமோ, இழுப்பில் உள்ள ஏற்றத்தாழ்வும் அவ்வளவு அதிகம் என்றார் பாலிங். அவர் சூத்திரப்படி 92-க்கு வர்க்கமூலம் எடுங்கள்: சுமார் 9.6. அதை 9.8-ஆல் வகுத்தால் 0.98. இப்போது அட்டவணையைப் பாருங்கள். குளோரின் 3.16, ஹைட்ரஜன் 2.20, வித்தியாசம் 0.96. கிட்டத்தட்ட வந்துவிட்டது.

இந்த முறையில் வித்தியாசம்தான் கிடைக்கும், தனித்தனி எண் கிடைக்காது. அதனால் ஹைட்ரஜனுக்கு ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டு மற்றவற்றை அதிலிருந்து கணக்கிட்டார்கள். ஃப்ளூரினுக்கு 3.98, உச்சம் அதுதான். அடுத்து ஆக்சிஜன் 3.44, குளோரின் 3.16, நைட்ரஜன் 3.04. மறுகோடியில் சீசியம் 0.79, போர்வையைக் கேட்டால் கையில் கொடுத்துவிடும் ரகம். தனிம அட்டவணையில் வலப்பக்கம் போகப்போகக் கருவின் நேர் மின்சுமை கூடுகிறது, இழுப்பு கூடுகிறது. கீழே இறங்க இறங்கக் கடைசி எலக்ட்ரான் கூடு கருவை விட்டுத் தள்ளிப்போகிறது, இழுப்பு குறைகிறது. அதனால் வலது மேல் மூலையில் ராஜாக்கள். மந்த வாயுக்களை இந்த ஆட்டத்தில் சேர்க்க வேண்டாம்.

இங்கே ஒரு பள்ளம். 'எலக்ட்ரான் நாட்டம்' என்று இன்னொன்று உண்டு. பரீட்சையில் இரண்டையும் குழப்பாத ஆளைப் பார்ப்பது அபூர்வம். நாட்டம் என்பது தனியாக நிற்கும் அணு ஓர் எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும்போது வெளிவிடும் ஆற்றல். அதில் குளோரின்தான் முதலிடம், 349 கிலோஜூல், ஃப்ளூரின் 328. கவர்தன்மையில் ஃப்ளூரின் முதலிடம். கவர்தன்மை ஒரு பிணைப்புக்குள் நடக்கும் இழுபறியைச் சொல்வது, தனியாகப் படுத்திருப்பவளுக்குப் போர்வைச் சண்டை கிடையாது.

வித்தியாசம் கூடக்கூடச் சரிவும் கூடும். மிக அதிகமானால் ஒருவர் போர்வையை முழுக்கவே எடுத்துக்கொள்வார். அது அயனிப் பிணைப்பு, சமையலறை உப்பு மாதிரி. சோடியம் 0.93, குளோரின் 3.16, வித்தியாசம் 2.23. ஆனால் '0.5 வரை முனைவற்றது, 1.7 வரை முனைவுள்ளது, அதற்கு மேல் அயனி' என்று கோடு போட்டுச் சொல்கிறார்களே, அதை இயற்கையின் சட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். அது வகுப்பறை வசதிக்காகப் போட்ட கோடு. ஹைட்ரஜன் ஃப்ளூரைடில் வித்தியாசம் 1.78; கோட்டைத் தாண்டிவிட்டது. ஆனாலும் அது மூலக்கூறுதான், 20 டிகிரி வாக்கிலேயே கொதித்து ஆவியாகிவிடும். சோடியம் அயோடைடில் வித்தியாசம் 1.73 மட்டுமே, அது நல்ல கெட்டி உப்பு.

போர்வை உண்மையில் எவ்வளவு சரிகிறது என்பதை அளக்கவும் முடியும். அந்த அளவுக்கு இருமுனைத் திருப்புத்திறன் என்று வாய் வலிக்கும் பெயர். அலகு டிபை, 1936-இல் வேதியியல் நோபல் வாங்கிய பீட்டர் டிபை பெயரால் வந்தது. ஹைட்ரஜன் குளோரைடில் ஒரு முழு எலக்ட்ரானும் குளோரினிடம் போயிருந்தால் 6.1 டிபை இருக்கவேண்டும். அளந்தால் 1.08. அதாவது 18 சதவீதம் அளவுக்குத்தான் சரிந்திருக்கிறது. அக்கா நான் சொன்ன அளவுக்கு அநியாயக்காரி இல்லை.

இதுவரை முதல் படி. இது பிணைப்பைப் பற்றியது. அக்கா மகளின் கேள்வி மூலக்கூறைப் பற்றியது.

சாப்பாட்டு மேஜையில் ஒரு சாவி வளையத்தை வைத்தேன். அதில் இரண்டு நூல் கட்டி ஒன்றை அவளிடம் கொடுத்து, நேரெதிரே உட்காரச் சொன்னேன். "இழு." இருவரும் ஒரே அளவு இழுத்தோம். வளையம் அசையவில்லை. இன்னும் பலமாக இழுத்தோம். நூல் விறைத்ததே தவிர வளையம் அதே இடத்தில்தான் நின்றது. "இதுதான் கார்பன் டை ஆக்சைடு" என்றேன். நடுவில் கார்பன், இரண்டு பக்கமும் ஆக்சிஜன், மூன்றும் ஒரே நேர்க்கோட்டில். கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் வித்தியாசம் 0.89, அவள் சொன்ன கார்பன்–குளோரினைவிட அதிகம். ஒவ்வொரு பிணைப்பும் நன்றாகவே முனைவுள்ளது. ஆனால் மூலக்கூறின் இருமுனைத் திருப்புத்திறன் பூஜ்யம்.

அப்புறம் நாற்காலியை நகர்த்தி மேஜையின் பக்கத்து விளிம்புக்கு வரச் சொன்னேன். மறுபடி இழுத்தோம். இந்தத் தடவை வளையம் எங்கள் இருவருக்கும் நடுவில், மேஜை மூலையை நோக்கி ஓடி வந்தது. அதே நூல், அதே இழுப்பு. மாறியது கோணம் ஒன்றுதான். தண்ணீரில் நடப்பது இது. ஆக்சிஜனும் இரண்டு ஹைட்ரஜனும் ஒரே கோட்டில் இல்லை, 104.5 டிகிரி வளைவில் நிற்கின்றன. இரண்டு இழுப்பும் ஒன்றையொன்று தின்றுவிடாமல் சேர்ந்து 1.85 டிபை ஆகின்றன. ஆக்சிஜன் பக்கம் எதிர், ஹைட்ரஜன்கள் இருக்கும் பக்கம் நேர்.

"அது ஏன் வளையுது? நேரா நின்னா என்ன?" என்றாள்.

இதற்குத்தான் கொண்டைக்கடலை. ஓர் எலுமிச்சம்பழத்தில் நான்கு பல்குத்தும் குச்சிகளை, ஒன்றைவிட்டு ஒன்று எவ்வளவு விலக முடியுமோ அவ்வளவு விலகி நிற்கும்படி குத்துங்கள். எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று பிடிக்காதவை; அவற்றின் இணைகள் இப்படித்தான் ஒதுங்கி நிற்கும். நான்கு குச்சியும் ஒரு நான்முகியின், அதாவது நான்கு முக்கோணங்களால் ஆன வடிவத்தின், மூலைகளைப் பார்க்கும். பழம்தான் ஆக்சிஜன். அதன் வெளிக்கூட்டில் நான்கு இணைகள் உண்டு. அவற்றில் இரண்டு இணைகள் ஹைட்ரஜனோடு பகிர்ந்தவை. அந்தக் குச்சிகளின் நுனியில் மட்டும் ஊறவைத்த கொண்டைக்கடலையைச் செருகுங்கள். மற்ற இரண்டு யாரோடும் பகிராத தனித்த இணைகள். கண்ணுக்கு அவை வெறும் குச்சி. ஆனால் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கின்றன, கடலைகளைக் கொஞ்சம் நெருக்கியும் விடுகின்றன. வெறும் குச்சிகளை மறந்துவிட்டு கடலையையும் பழத்தையும் மட்டும் பாருங்கள். வளைந்திருக்கிறதா? கார்பன் டை ஆக்சைடின் கார்பனில் தனித்த இணை கிடையாது. நெருக்க ஆள் இல்லாததால் இரண்டு ஆக்சிஜனும் நேர் நேராக விலகிவிட்டன.

இப்போது நான்கு குச்சியிலும் கடலை செருகுங்கள். பழம் கார்பன், கடலை குளோரின். அது கார்பன் டெட்ராகுளோரைடு. நான்கு பக்கமும் இழுப்பு, கூட்டினால் பூஜ்யம். மேலே நிற்கும் ஒரு குச்சியின் இழுப்பைக் கீழே விரிந்திருக்கும் மூன்றும் சேர்ந்து சரிக்கட்டிவிடுகின்றன. ஒரே ஒரு கடலையை எடுத்துவிட்டு அங்கே ஒரு மிளகை வையுங்கள், அதாவது குளோரினுக்குப் பதில் ஹைட்ரஜன். சமநிலை போயிற்று. அது குளோரோஃபார்ம், 1.04 டிபை. நூறு எண்களை மனப்பாடம் செய்வதைவிட இந்த எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்து இரண்டு தடவை திருப்பிப் பார்ப்பது மேல் என்பது என் கட்சி.

தனித்த இணைகளை வெறும் இடம் அடைப்பவை என்றும் நினைக்கக்கூடாது. அவையும் எலக்ட்ரான்கள்தான், அவை இருக்கும் பக்கம் எதிர் மின்சுமை சேரும். அம்மோனியாவில் நைட்ரஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் வித்தியாசம் 0.84. நைட்ரஜன் டிரைஃப்ளூரைடில் நைட்ரஜனுக்கும் ஃப்ளூரினுக்கும் 0.94. இரண்டுக்கும் ஒரே வடிவம்: மூன்று கால் முக்காலி, மேலே ஒரு தனித்த இணை. எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டாவதுதான் கொஞ்சம் அதிக முனைவோடு இருக்கவேண்டும். அளந்தால் அம்மோனியா 1.47 டிபை, மற்றது 0.23 மட்டுமே. அம்மோனியாவில் நைட்ரஜன் எலக்ட்ரான்களைத் தன் பக்கம், மேல்நோக்கி இழுக்கிறது, தனித்த இணையும் மேலே, இரண்டும் சேர்ந்துகொள்கின்றன. மற்றதில் மூன்று ஃப்ளூரினும் கீழ்நோக்கி இழுக்கின்றன, தனித்த இணை மேலே இருந்து கணக்கைக் கழித்துவிடுகிறது.

இப்போது டிரை வாஷ் கடைக்குத் திரும்பலாம். டெட்ராகுளோரோஎத்திலீன் தட்டையான மூலக்கூறு. ஆறு அணுவும் ஒரே தளத்தில். மேஜைமேல் கார்பனுக்காக இரண்டு கடலையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றிலிருந்தும் வெளிப்பக்கமாக இரண்டு குச்சிகளை விரித்தோம். இரண்டு பேர் முதுகோடு முதுகு ஒட்டி நின்று கைகளை முன்னால் விரித்த மாதிரி. நான்கு நுனியிலும் குளோரின். அக்கா மகள் கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு மூலைவிட்டமாக இரண்டு குச்சிகளைத் தொட்டுக் காட்டி, "இது ரெண்டும் கேன்சல்" என்றாள். இன்னும் இரண்டைத் தொட்டாள். "இதுவும் கேன்சல்."

பூஜ்யம்தான். 0.61 என்ற அவள் எண் பிணைப்புக்குச் சரி, மூலக்கூறுக்குச் செல்லாது.

நம்பிக்கை வரட்டும் என்று இன்னும் ஒன்று செய்தோம். நான்கு குளோரினில் இரண்டை எடுத்துவிட்டு, ஒரு கார்பனுக்கு ஒன்று என்ற கணக்கில் ஹைட்ரஜன் வைத்தோம். மிச்சமிருக்கும் இரண்டு குளோரினும் ஒரே பக்கம் இருந்தால் ஒரு பொருள், எதிரெதிர்ப் பக்கம் இருந்தால் வேறொரு பொருள். அணுக்கள் அதே, பிணைப்புகள் அதே, எடை அதே. ஒரே பக்கம் உள்ளது 1.9 டிபை, 60 டிகிரியில் கொதிக்கும். எதிர்ப்பக்கம் உள்ளது பூஜ்யம், 48 டிகிரியிலேயே கொதித்துவிடும். முனைவுள்ள மூலக்கூறுகள் ஒன்றையொன்று கொஞ்சம் பிடித்துக்கொள்வதால் அவற்றைப் பிரித்து ஆவியாக்கக் கூடுதல் சூடு வேண்டியிருக்கிறது.

சரி, நெய் எப்படிப் போகிறது? நெய் மூலக்கூறில் பெரும்பகுதி நீளநீளமான கார்பன்–ஹைட்ரஜன் சங்கிலி. அங்கே வித்தியாசம் 0.35 மட்டுமே, சரிவு என்று சொல்ல ஒன்றுமில்லை. 'இனம் இனத்தோடு சேரும்' என்று இதைச் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். ஆனால் நெய்க்கும் தண்ணீருக்கும் பகை என்று அர்த்தம் செய்துகொள்ளாதீர்கள். தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றின் ஹைட்ரஜனை இன்னொன்றின் ஆக்சிஜன் பக்கம் காட்டிக் கைகோத்து நிற்கின்றன. ஹைட்ரஜன் பிணைப்பு என்பது அதுதான். நெய் உள்ளே நுழையவேண்டும் என்றால் அந்தக் கைகளை விலக்கவேண்டும். விலக்கியதற்கு ஈடாகக் கொடுக்க நெய்யிடம் ஒன்றும் இல்லை. அதனால் தண்ணீர் தன் கூட்டத்தை விடுவதில்லை, நெய் வெளியே நின்றுவிடுகிறது. ரசத்தின் மேல் தாளித்த எண்ணெய் வட்டவட்டமாக நிற்பதும் இதனால்தான். பெர்க்கில் இப்படிக் கைகோத்த கூட்டம் இல்லை. நெய் தாராளமாக உள்ளே போகலாம்.

அந்தக் கைகோப்பின் பலத்துக்கு ஒரு கணக்கு. ஆக்சிஜனுக்கு நேர் கீழே உள்ளது கந்தகம். அதன் கவர்தன்மை 2.58, ஹைட்ரஜனோடு வித்தியாசம் 0.38 மட்டும். ஹைட்ரஜன் சல்ஃபைடு மூலக்கூறு தண்ணீரைப்போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கனம், ஆனாலும் மைனஸ் 60 டிகிரியிலேயே வாயுவாகிவிடும். சாக்கடை ஓரம் நாம் மூக்கைப் பொத்துவது அதற்காகத்தான். தண்ணீர் 100 டிகிரி வரை தாங்குகிறது. கடல் மட்டத்தில் 100. 900 மீட்டருக்கு மேல் இருக்கும் நம்ம பெங்களூரில் 97 வாக்கில்.

ஆந்திரா மெஸ்ஸில் காரம் ஏறினால் தண்ணீர் குடித்து அடங்காததும் இந்த வகைதான். மிளகாய்க்குக் காரம் தரும் கேப்சைசின் நீண்ட வால் உள்ள, தண்ணீரில் அநேகமாகக் கரையாத சாமான். தயிர் கேளுங்கள்.

ஒரே மூலக்கூறில் இரண்டு குணத்தையும் வைத்தால் சோப்பு, டிடர்ஜென்ட். தலை மின்சுமையோடு தண்ணீரை விரும்பும். வால் கார்பன்–ஹைட்ரஜன் சங்கிலி, தண்ணீரைவிட்டு வெளியே நீட்டிக்கொள்ளப் பார்க்கும். அழுக்கு எண்ணெய் கிடைத்தால் வால் அதில் குத்தி நிற்கும், இல்லையென்றால் காற்றில் நீட்டி நிற்கும். காற்றில் நீட்டி நிற்பதன் விளைவை இந்த ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பெல்லந்தூர் ஏரிப் பக்கம் ஆபீஸ் பஸ்ஸில் போனவர்கள் ரோட்டில் பறந்த வெள்ளை நுரையைப் பார்த்திருப்பார்கள். சுத்திகரிக்காத கழிவுநீரோடு நம் துணி துவைத்த டிடர்ஜென்டும் சேர்ந்து ஏரிக்குப் போனதில் வந்தது அது. 2017 பிப்ரவரியில் ஏரியில் தீயே பிடித்தது. தீ வேறு விஷயம். நுரை மட்டும் முழுக்க இந்தத் தலை–வால் விவகாரம்தான்.

பள்ளிக்கூடத்துப் பரிசோதனை ஒன்றைப் பற்றியும் என் குறையைச் சொல்லிவிடுகிறேன். தலையில் தேய்த்த சீப்பைக் குழாய்த் தண்ணீர் அருகே கொண்டுபோனால் தாரை வளையும். 'பாருங்கள், தண்ணீர் முனைவுள்ளது' என்பார்கள். வளைவது உண்மை, அழகாகவும் இருக்கும். ஆனால் சீப்பின் மின்சுமை தாரையிலேயே மின்சுமையைத் தூண்டிவிடுவதுதான் அங்கே பெரும்பங்கு வேலை செய்கிறது. முனைவுக்கு அதைச் சாட்சியாகக் கூப்பிட முடியாது. மைக்ரோவேவ் அடுப்பு நல்ல சாட்சி. அதில் மின்புலம் வினாடிக்கு 245 கோடி தடவை முன்னும் பின்னுமாகத் திசை மாறி வருகிறது. இரண்டு முனையுள்ள தண்ணீர் மூலக்கூறு அதோடு சேர்ந்து திரும்பப் பார்த்து, முட்டி மோதிச் சூடாகிறது. காலியான பீங்கான் கப்பை உள்ளே வைத்தால் அவ்வளவு சூடாகாது.

அக்கா மகள் இதற்குள் தேறிவிட்டாள். "அப்போ வித்தியாசம் பாக்கணும், ஷேப் பாக்கணும், முடிஞ்சது" என்றாள். பெரும்பாலும் முடிந்தது. பரீட்சைக்கு நிச்சயம் முடிந்தது. ஆனால் அவள் அகம்பாவத்தைக் கொஞ்சம் குறைக்கலாமே என்று இரண்டு சாமான்களைக் காட்டினேன்.

ஒன்று ஓசோன். மூன்றும் ஆக்சிஜன், வித்தியாசம் பூஜ்யம். ஆனாலும் 0.53 டிபை உண்டு. மூலக்கூறு வளைந்தது, நடு ஆக்சிஜனின் நிலைமையும் ஓரத்து ஆக்சிஜன்களின் நிலைமையும் வேறு. தனிமம் ஒன்றாக இருந்தாலும் நடுவில் படுத்தவளுக்கும் ஓரத்தில் படுத்தவளுக்கும் போர்வை ஒரே மாதிரி கிடைப்பதில்லை.

இன்னொன்று கார்பன் மோனாக்சைடு. வித்தியாசம் 0.89, இரண்டே அணு, வடிவத்தில் மறைக்க ஒன்றுமில்லை. பெரிய முனைவு இருக்கவேண்டும். அளந்தால் 0.11 டிபை, அதுவும் எதிர் முனை கார்பன் பக்கம்! "அது எப்படி?" என்றாள். பிணைப்பு எலக்ட்ரான்களை ஆக்சிஜன் இழுப்பது இழுப்பதுதான். ஆனால் கார்பனின் தனித்த இணை வெளிப்பக்கம் நன்றாகத் தள்ளி நிற்கிறது. அது இந்தப் பக்கத்தின் கனத்தைக் கூட்டி, ஆக்சிஜனின் இழுப்பைச் சரிக்கட்டி, ஒரு மயிரிழை அதிகமாகவும் போய்விடுகிறது. இதை முழுதாகக் கணக்கிட வேறு கணிதம் வேண்டும். "கொத்தில்லன்னு எழுதிட்டு வந்துடவா?" என்றாள் கன்னடத்தில் பாதியும் தமிழில் பாதியுமாக. கொத்தில்ல என்றால் தெரியாது. பி.யூ.சி.யில் அதைக் கேட்க மாட்டார்கள் என்றேன்.

நான்காம் நாள் புடவை வந்தது. நெய் இருந்த இடமே தெரியவில்லை. பெர்க் தன் வேலையைப் பார்த்துவிட்டது. ஆனால் கடைக்காரர் சொன்ன மாதிரியே எலுமிச்சை நிறத்தில் ஒரு மஞ்சள் வட்டம் அப்படியே நின்றது. மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமினில் ஆக்சிஜன் உள்ள முனைகள் பல. பெர்க்கை அதற்குப் பிடிக்கவில்லை; பட்டு என்பது புரதம், அதில் ஹைட்ரஜன் பிணைப்புக்கு இடம் ஏராளம். பட்டுக்குச் சாயமாகவே மஞ்சளைப் போட்டிருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் பட்டால் அந்த நிறம் நாளடைவில் வெளுக்கும். ஆனால் பட்டை எத்தனை நாள் வெயிலில் போடுவது?

அவளே வழி கண்டுபிடித்தாள். புடவையை இடுப்பில் சுற்றிப் பார்த்து, மடிப்பை இரண்டு விரற்கடை தள்ளி எடுத்தாள். வட்டம் கொசுவத்துக்குள் போய்விட்டது. அக்கா அன்று ராத்திரி வண்டியில் வந்தாள். இன்னும் பீரோவைத் திறந்து பார்க்கவில்லை.